மூளையிற் பேச்சின் இருப்பிடம்: ஒரு வரலாற்று நோக்கு

மனித உடலின் பெரும்பாலான உறுப்புக்கள் தம் அமைப்பினாலேயே தம் தொழிலை ஓரளவுக்கு உணர்த்திவிடுகின்றன. இதயத்தைப் பிளந்து பார்ப்பவர் அதன் அறைகளையும் வால்வுகளையும் கண்டு, அது குருதியைத் தள்ளும் கருவியென ஊகிக்கலாம். கண்ணின் வில்லையும் முழங்காலின் மூட்டும் அவ்வாறே தம்மைத் தாமே விளக்குவன. மூளையோ இதற்கு விலக்காக அமைந்தது. மண்டையோட்டைத் திறந்து நோக்கினால் மடிப்புக்கள் நிறைந்த மென்மையான திணிவொன்றே தென்படுகின்றது. அதன் ஒரு பகுதி ஏனைய பகுதிகளைப் போலவே காணப்படும். அறுத்துப் பார்ப்பினும் உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆதலினாலேயே உடலமைப்பியலறிஞர் மூளையின் வடிவத்தை நன்கறிந்த பின்னரும், அதன் தொழில்பற்றி நெடுங்காலம் ஊகங்களையே கூறி வந்தனர்.

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் வரையான நிறையுடையது. உடல் நிறையில் அது நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கை அதுவே நுகர்கின்றது. ஒட்சிசன் சில நிமிடங்கள் தடைப்படினும் பழுதடைகின்றது. அமைப்பு நோக்கில் அதனை மூன்று பெரும் பகுதிகளாகக் கொள்வது வழக்கம். மேலே இரு அரைக்கோளங்களாகப் பரந்திருப்பது மூளையம். அதன் பின்புறத்தே கீழாக, நெருங்கிய மெல்லிய மடிப்புக்களுடன் அமைந்தது மூளி எனப்படும் சிறுமூளை; அசைவுகளின் ஒழுங்கும் உடற் சமநிலையும் அதனைச் சார்ந்தவை. இவ்விரண்டையும் முண்ணாணுடன் தொடுப்பது மூளைத்தண்டு. மூச்சும் இதயத் துடிப்பும் அதன் கீழ்ப்பகுதியாகிய நீள்வளைய மையவிழையத்தின் ஆட்சிக்குட்பட்டவை. மூளையத்தை 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள சாம்பல்நிற மேற்பட்டை போர்த்தியுள்ளது. ஒவ்வோர் அரைக்கோளமும் நெற்றிப்புறத்து நுதற்சோணை, உச்சிப்புறத்துச் சுவர்ச்சோணை, காதையடுத்த கடைநுதற்சோணை, பிடரிப்புறத்துப் பிடர்ச்சோணை என நான்காக வகுக்கப்படும். அரைக்கோளங்கள் இரண்டையும் வன்சடலம் என்னும் தடித்த நரம்புநார்ப் பட்டை இணைக்கின்றது.

இவை இன்று உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்த செய்திகள். ஆனால், நினைவு எங்கே, அசைவு எங்கே, பேச்சு எங்கே என்னும் வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு பாடநூல்களில் ஓரிரு வரிகளுடன் முடிந்துவிடுகின்றது. அவ்வரலாற்றில் பேச்சுக்கே சிறப்பிடம் உண்டு. மனிதனது உயர்தொழில்களுள், சான்றுடன் மூளையில் ஓரிடம் காட்டப்பெற்ற முதற்றொழில் அதுவே. அவ்விடத்தைக் காட்டியவை ஆரோக்கியமான மூளைகளல்ல. பேச்சை இழந்து வைத்தியசாலைகளிற் கிடந்து மாண்ட மனிதரின் மூளைகள். இழப்பிலிருந்து பெற்ற இவ்வறிவில் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. ஓரிடம் கெட்டதும் பேச்சு நின்றதெனின், பேச்சு அவ்விடத்திற் குடியிருந்தது என்பது பெறப்படுமா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்த விவாதத்தின் சாரம் இவ்வொரு வினாவே எனலாம்.

பழைய எகிப்தியர் இறந்தோருடலைப் பதனிடுகையில் இதயத்தைப் பேணி, மூளையை மூக்குவழி அகற்றினர். ஆயின் அதே நாட்டில் கி.மு. 1600 அளவிற் படியெடுக்கப்பட்டதும் இன்று எட்வின் சிமித் தாளேடு என வழங்குவதுமான சத்திரவைத்திய ஏட்டில், நெற்றிப்பொட்டில் அடிபட்டுப் பேச்சிழந்தவர்பற்றிய குறிப்பு உண்டு. கிரேக்க மருத்துவ மரபில் ஹிப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் நூல்கள் மூளையே அறிவின் இருப்பிடம் எனக் கொண்டன. அரிஸ்ரோட்டிலோ அறிவை இதயத்தில் வைத்து, மூளை அதன் வெப்பத்தைத் தணிப்பதற்கென அமைந்தது என்றார். நெஞ்சொடு கிளத்தல் என ஓரதிகாரமே வகுத்த தமிழ் மரபினருக்கு அரிஸ்ரோட்டிலின் கொள்கை அந்நியமாகத் தோன்றாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமபுரியில் வாழ்ந்த கேலன், பன்றியொன்றின் கழுத்திலே குரல்வளைக்குச் செல்லும் நரம்பைக் கட்டியதும் அதன் கதறல் நின்றுவிட்டதைப் பலர்முன் காட்டினார். குரலை ஆள்வது இதயமன்று, மூளையிலிருந்து வரும் நரம்பே என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இருந்ததில்லை.

கேலனுக்குப் பின் ஆராய்ச்சி பின்னோக்கிச் சென்றது என்றே கூறவேண்டும். மூளையின் நடுவே நீர் நிறைந்த குழிகள் சில உள. முன்குழியிற் கற்பனையும், நடுக்குழியிற் பகுத்தறிவும், பின்குழியில் நினைவும் உறைகின்றன என்னும் கொள்கை நான்காம் நூற்றாண்டளவில் உருப்பெற்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலவிற்று. வெற்றிடத்தையே ஆன்மாவின் உறைவிடமாகக் கருதிய அக்கொள்கைக்கு 1543இல் வெளிவந்த வெசாலியசின் நூல் ஐயம் எழுப்பியது. 1664இல் தோமஸ் வில்லிஸ் மூளையின் அமைப்புப்பற்றி எழுதிய நூல், குழிகளை விடுத்து மூளையின் திண்மப் பகுதிக்கே தொழிலை உரித்தாக்கியது. அந்நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவர், பின்னர் இலண்டன் சென்ற் போல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் றென் என்பது சுவையான செய்தி.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரிலே பிரான்ஸ் யோசப் கோல் (1758-1828) என்னும் மருத்துவர், மூளை ஓர் உறுப்பன்று, பல உறுப்புக்களின் தொகுதி என விரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். ஒவ்வொரு மனப்பண்புக்கும் மேற்பட்டையில் ஓரிடம் உண்டு. அப்பண்பு மிகுந்தவரில் அவ்விடம் பருத்திருக்கும். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவியே அதனை அறியலாம் என்பது அவர் கொள்கை. சொல்வன்மையை அவர் கண்களுக்குப் பின்னுள்ள பகுதியில் வைத்தார். ஆன்மாவைத் துண்டாடும் இப்போதனை சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு எனக் கருதிய அரசு அவரது விரிவுரைகளைத் தடைசெய்தது. அவர் பாரிசு சென்றார்.

கோலின் கொள்கையில் அடிக்கருத்து ஓரளவுக்குச் சரி. முறையோ முற்றிலும் தவறு. தவறான முறையே பரவியது. எடின்பரோவில் 1820இல் மண்டையோட்டுக் குணநூற் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. மண்டையோட்டை அளந்து மனிதரின் தகுதியை நிறுக்கும் ஆசை தனியாளுடன் நின்றுவிடாது இனங்களை நோக்கியும் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் குடியேற்ற நாடுகளிலிருந்து மண்டையோடுகளைத் திரட்டியமைக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்று. இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகம் தன் சேகரிப்பிலிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை வேடர் தலைவரிடம் திருப்பிக் கையளித்தது 2019ஆம் ஆண்டிலேயே ஆகும்.

கோலை எதிர்த்தவர்களுள் தலையாயவர் பியர் புளூரான். 1820களில் அவர் புறா, கோழி முதலியவற்றின் மூளைப் பகுதிகளை ஒவ்வொன்றாக அகற்றி விளைவைக் கண்டார். மூளி அகன்றதும் அசைவுகள் ஒழுங்கிழந்தன. நீள்வளைய மையவிழையம் சிதைந்ததும் மூச்சு நின்றது. மூளைய அரைக்கோளங்களிலோ எப்பகுதியை வெட்டினும் எல்லா ஆற்றல்களும் ஒருங்கே குன்றின. எனவே மூளையம் பகுக்கமுடியாத முழுமை என அவர் முடிவு செய்தார். பறவையின் சிறு மூளையிற் கண்டதை மனிதருக்கு ஏற்றியது பொருந்துமா என்னும் ஐயம் அன்றும் சிலருக்கு இருந்தது. ஆயினும், கோலின் கொள்கைமீது கற்றோர் கொண்ட வெறுப்பு புளூரானின் முடிவுக்குப் பெருவலிமை அளித்தது. பேச்சு நுதற்சோணைகளைச் சார்ந்தது என நோயாளரைக்கொண்டு 1825இல் எடுத்துக்காட்டிய பூயோ என்னும் பேராசிரியரின் குரல் தனித்தே ஒலித்தது. நுதற்சோணைகள் பெரிதும் பழுதுற்றும் பேச்சு நிலைத்த ஒருவரின் மூளையைக் காட்டுவோருக்கு 500 பிராங்கு தருவதாக அவர் பந்தயமும் கட்டினார்.

1861ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பாரிசு மானிடவியற் சங்கத்தில் மூளையின் பருமனுக்கும் அறிவுக்கும் தொடர்புண்டா என்ற விவாதம் மூண்டது. தொடர்புண்டு என வாதித்தவர், சங்கத்தை நிறுவியோருள் முதல்வரும் சத்திரவைத்தியருமான போல் புரோக்கா (1824-1880). மறுத்தவர் கிராத்தியோலே. விவாதம் வளர்ந்து, மூளை முழுமையா பகுதிகளின் தொகுதியா என்ற பழைய வினாவை வந்தடைந்தது. பூயோவின் மருமகனாகிய ஓபேர்த்தான் ஏப்பிரல் 4ஆம் திகதி பேசுகையில், தற்கொலைக்கு முயன்று நெற்றியெலும்பு சிதறி நுதற்சோணைகள் வெளித்தெரிந்த ஒருவரைப்பற்றிக் கூறினார். அம்மனிதர் பேசிக்கொண்டிருக்கையில் தட்டையான கருவியொன்றால் அச்சோணைகளை மெல்ல அழுத்தியதும் சொல் பாதியில் நின்றது. அழுத்தத்தை நீக்கியதும் மீண்டது. சாகக் கிடந்தவரிடத்துச் செய்யப்பட்ட இப்பரிசோதனையைக் கேட்டோர் எவரும் அதன் முறைமைபற்றி வினவியதாகத் தெரியவில்லை.

ஒரு வாரத்தின் பின், ஏப்பிரல் 11ஆம் திகதி, பாரிசின் புறத்தேயுள்ள பிசேத்தர் வைத்தியசாலையில் நோயாளர் ஒருவர் புரோக்காவின் சத்திரசிகிச்சைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் பெயர் லெபோர்ன், வயது 51. பாதணி தைப்போருக்கு வேண்டிய மரஅச்சுச் செய்வது அவர் தொழில். இளமை முதல் வலிப்பு இருந்தது. முப்பதாவது வயதிற் பேச்சை இழந்து அவ்வைத்தியசாலைக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். எதைக் கேட்பினும் "தான், தான்" என இருமுறை கூறுவதொன்றே அவரிடம் எஞ்சிய பேச்சு. பிரெஞ்சு ஒலியாகிய அச்சொல் தமிழில் "தான்" என்பதுபோல் ஒலிப்பது தற்செயல். வைத்தியசாலையில் அனைவரும் அவரை அப்பெயராலேயே அழைத்தனர். பத்தாண்டுகளின் பின் வலக்கையும், அதன்பின் வலக்காலும் செயலற்றன. படுக்கையிற் கிடந்த அவரது வலக்கால் அழுகத் தொடங்கியமையாலேயே சத்திரவைத்தியரிடம் அனுப்பப்பட்டார்.

பேச்சற்றிருந்தும் பிறர் பேசுவது அவருக்கு விளங்கிற்று. எத்தனை ஆண்டு இங்கிருக்கிறீர் எனப் புரோக்கா கேட்டபோது, இடக்கையை நான்குமுறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. அது சரியான கணக்கு. மறுநாளும் அதற்கு மறுநாளும் புரோக்கா அதே வினாவைக் கேட்டார். மூன்றாம் முறை, தம்மைச் சோதிக்கின்றனர் என உணர்ந்த லெபோர்ன் சினந்தார். சினம் மூண்டபோது மட்டும் அவர் வாயிலிருந்து கடவுளின் பெயரை இழுத்துத் திட்டும் வசைச்சொற்றொடரொன்று முழுமையாக வெளிவருவதுண்டு. வேண்டுமென்று அதனைக் கூற அவரால் இயலாது.

ஏப்பிரல் 17ஆம் திகதி அவர் இறந்தார். அடுத்த நாளே புரோக்கா அம்மூளையைச் சங்கத்தின் முன் வைத்தார். இட நுதற்சோணையின் மூன்றாம் மடிப்பை நடுவாகக்கொண்டு கோழிமுட்டையளவான குழியொன்று காணப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் லெலோன் என்னும் 84 வயதினர் தொடையெலும்பு முறிந்து அதே பகுதிக்கு வந்து இறந்தார். அவரிடம் எஞ்சியிருந்தவை ஐந்து சொற்களே. எந்த எண்ணைக் கூறவேண்டியிருப்பினும் "மூன்று" என்றே கூறி, சரியான தொகையை விரலாற் காட்டித் திருத்துவார். அவர் மூளையிலும் பழுது அதே இடத்தில், முன்னதைவிடச் சிறிதாகவும் எல்லை தெளிவாகவும் இருந்தது. இது தமக்கு வியப்பை அளித்ததெனப் புரோக்கா எழுதினார். 1863அளவில் இத்தகைய நோயாளர் எண்மரைப்பற்றிய விவரம் அவரிடம் சேர்ந்தது. எல்லோரிலும் பழுது இடப்புறத்திலேயே இருந்தது. மனிதர் இட அரைக்கோளத்தாற் பேசுகின்றனர் என்று அவர் உறுதியாக உரைத்தது 1865இலேதான். தென்பிரான்சு மருத்துவராகிய மார்க் டாக்ஸ் 1836இலேயே இதனை எழுதிவைத்ததாக அவர் மகன் உரிமை கோரியதும் அக்காலத்திலேயே. முதன்மை யாருக்கு என்னும் பிணக்கு இன்றும் தீர்ந்ததாகக் கூறமுடியாது.

புரோக்காவின் பெருமை இரண்டு செயல்களிற் றங்கியுள்ளது. வந்த நோயாளரை ஆறே நாட்களுக்குள் அவர் உற்று நோக்கிய கவனம் ஒன்று. மூளைகளைத் துண்டாக்காது மதுசாரத்திலிட்டு அரும்பொருட்சாலையிற் பேணிவைத்தமை மற்றொன்று. அதன் பயன் மிகப் பிந்தியே வெளிப்பட்டது. அதே புரோக்கா மூளைகளை நிறுத்தும் மண்டையோடுகளை அளந்தும், பெண்களையும் ஐரோப்பியரல்லாதாரையும் அறிவிற் றாழ்ந்தோரெனக் காட்ட ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் என்பதையும் வரலாறு மறைக்கலாகாது. தம் கொள்கைக்கு ஒவ்வாத நிறைகள் வந்தபோது வயது, உடற்பருமன் எனக் காரணம் தேடித் திருத்தியவர், ஒத்த நிறைகள் வந்தபோது அவ்வாறு தேடவில்லை. லெபோர்னின் விரல்களை எண்ணியபோது இருந்த நேர்மை அவ்வாராய்ச்சியிற் காணப்படவில்லை.

அடுத்த இருபதாண்டுகளிற் பல நாடுகளில் ஆராய்ச்சி விரைந்தது. பேர்லினில் 1870இல் பிரிட்ச், ஹிட்சிக் என்னும் இருவர் நாயின் மேற்பட்டையின் முன்பகுதியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, எதிர்ப்புறக் கால்களை அசையச் செய்தனர். பல்கலைக்கழகத்தில் அதற்கு வசதியின்மையால் ஹிட்சிக்கின் வீட்டிலேயே பரிசோதனை நிகழ்ந்தது. இதனைக் குரங்குகளிற் செய்து அசைவுப் பகுதிகளை வரைபடமாக்கியவர் இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர். 1874இல் அமெரிக்க மருத்துவரொருவர், புற்றுநோயால் மண்டையெலும்பு அரிக்கப்பட்டு மூளை வெளித்தெரிந்த பணிப்பெண்ணொருத்தியின் மூளையில் மின்னூசியைச் செலுத்தினார். அவள் கைகால்கள் அசைந்தன, வலிப்பும் கண்டது, சில நாட்களில் அவள் இறந்தாள். கண்டனம் எழுந்தபின் அவர் வருத்தம் தெரிவித்தார்.

அதே 1874இல் யேர்மனியில் 26 வயதினரான காள் வேர்ணிக்கே வெளியிட்ட சிறுநூல், புரோக்காவின் கண்டுபிடிப்பை வேறொரு கோணத்தில் நிறைவுசெய்தது. அவர் கண்ட நோயாளர் தடையின்றிப் பேசினர். ஆனால் பேச்சிற் பொருளில்லை. பிறர் கூறுவதும் அவர்களுக்கு விளங்கவில்லை. பழுது இட நுதற்சோணையிலன்றி, கடைநுதற்சோணையின் பின்மேற்பகுதியில் இருந்தது. சொல்லை ஒலிக்கும் இடம் ஒன்று, சொல்லை உணரும் இடம் இன்னொன்று, இரண்டையும் தொடுக்கும் நரம்புநார்கள் மற்றொன்று என அவர் பகுத்தார். அந்நார்கள் மட்டும் அறுபட்டால், விளக்கமும் பேச்சும் இருந்தும், கேட்டதைத் திருப்பிக் கூறும் ஆற்றல் கெடவேண்டும் என அவர் அமைத்த கொள்கையிலிருந்து பெறப்பட்டது. அத்தகைய நோயாளர் பின்னர் காணவும்பட்டனர். இடங்களைவிட இடங்களுக்கிடையேயான தொடர்பே முக்கியம் என்னும் கருத்து இவ்வாறு நுழைந்தது.

யாழ்ப்பாணத்திலும் இதே காலத்தில் மருத்துவ நூலாக்கம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1847இல் இலங்கை வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே புகட்டி, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். கிறேயின் உடலமைப்பியல் நூல் "மனுஷ அங்காதிபாதம்" எனத் தமிழில் வெளிவந்தது 1872இல்; ஹிட்சிக்கின் கண்டுபிடிப்புக்கு இரண்டாண்டு பின், வேர்ணிக்கேயின் நூலுக்கு இரண்டாண்டு முன். மேற்கில் மூளையின் தொழில்பற்றிய இயல் பிறந்துகொண்டிருந்தபோதே அதன் அமைப்பைக் கற்பதற்கான சொற்கள் தமிழிற் கோக்கப்பட்டன என்பது தமிழிற் கலைச்சொல்லாக்க வரலாற்றை எழுதுவோர் கருத்திற் கொள்ளவேண்டியதாகும்.

இடத்தைத் தேடும் ஆர்வம் உச்சத்திலிருந்தபோது, அவ்வார்வத்தின் அடிப்படையையே வினாவுக்குட்படுத்தியவர் இலண்டன் நரம்பு மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன். பேச்சைக் கெடுக்கும் பழுதின் இடத்தைக் காண்பது வேறு, பேச்சின் இடத்தைக் காண்பது வேறு என்று அவர் 1874இல் எடுத்துரைத்தார். மின்கம்பியொன்று அறுந்ததும் ஊர் இருண்டால், ஒளி அக்கம்பியில் உறைந்திருந்தது எனக் கூறுவாரில்லை. பேச்சிழந்தோர் வசைமொழியையும் மன்றாட்டையும் பழகிய தொடர்களையும் தம்மையறியாது கூறுவதை அவர் கூர்ந்து நோக்கினார். கருத்துரைக்கும் பேச்சு இட அரைக்கோளத்தைச் சார்ந்ததாயினும், தானாக எழும் பேச்சு வல அரைக்கோளத்தாலும் இயலும் என்பது அவர் முடிவு. லெபோர்னின் சினமொழிக்கு இதுவே முதல் விளக்கம். நோயின் இழப்பை மட்டுமன்றி, எஞ்சியதையும் சான்றாகக் கொண்டவர் ஜாக்சன். இவ்விவாதத்திற் கலந்துகொண்டோருள் ஆழமாகச் சிந்தித்தவர் அவரே எனில் மிகையன்று.

1881ஆம் ஆண்டு ஓகஸ்டில் இலண்டனிற் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டில் இரு தரப்பினரும் நேர்நின்றனர். ஸ்திராஸ்பூர்க் பேராசிரியர் கோல்ட்ஸ், மேற்பட்டையின் பெரும்பகுதி நீக்கப்பட்டும் ஓடித்திரிந்த நாயொன்றைக் காட்டினார். ஃபெரியர் காட்டியது இட அரைக்கோளத்தின் அசைவுப் பகுதி மட்டும் நீக்கப்பட்ட குரங்கு. அது வலக்கையும் வலக்காலும் செயலிழந்து இழுத்து நடந்து வந்ததைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ, இது ஒரு நோயாளி அல்லவா எனக் கூவினாராம். இரு விலங்குகளின் மூளைகளும் பின்னர் சோதிக்கப்பட்டன. நாயின் மூளையில் கோல்ட்ஸ் கருதியதைவிட மிகுதியான பகுதி எஞ்சியிருந்தது. வெற்றி ஃபெரியர் பக்கம் என்றாயிற்று. விலங்குவதைச் சட்டத்தின்கீழ் அவர்மீது அவ்வாண்டே வழக்கும் தொடரப்பட்டது. சத்திரசிகிச்சையைச் செய்தவர் அனுமதிபெற்ற மற்றொருவர் என்பதால் அது தள்ளுபடியாயிற்று. மூன்றாண்டுகளின் பின், 1884 நவம்பரில், இலண்டனில் இளைஞர் ஒருவரின் கை அசைவுக் குறைபாட்டைக்கொண்டே கட்டியிருக்கும் இடத்தைக் கணித்து, பென்னற்றும் கோட்லியும் மண்டையைத் திறந்து அதனை அகற்றினர். கட்டி கணித்த இடத்திலேயே இருந்தது. நோயாளர் ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் கிருமித்தொற்றால் இறந்தபோதிலும், வரைபடம் பொய்க்கவில்லை.

மூளையின் நுண்ணமைப்புப்பற்றிய ஆராய்ச்சி தனிவரலாறு உடையது. ஈண்டு அதனைச் சுருங்கக் கூறினாற் போதும். இத்தாலியரான கோல்ஜி 1873இல் வெள்ளியுப்பால் நரம்புக்கலங்களைக் கருநிறமாக்கிக் காட்டும் முறையைக் கண்டார். ஸ்பானியரான கஹால் அம்முறையைக் கையாண்டே, நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று உருகியிணைந்த வலையல்ல, தனித்தனியானவை என 1888முதல் நிறுவினார். கோல்ஜி அதனை ஏற்கவில்லை. 1906இல் நொபெல் பரிசை இருவரும் பகிர்ந்த மேடையிலும் அவர் கஹாலின் கொள்கையை மறுத்தே உரையாற்றினார். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன எனப் பிரேசில் ஆய்வாளர் 2009இற் கணித்தனர்.

அதே 1906இல் பியர் மாரி என்பார் லெபோர்ன், லெலோன் ஆகியோரது மூளைகளை மீண்டும் நோக்கி, இட நுதற்சோணையின் மூன்றாம் மடிப்புக்குப் பேச்சிற் றனிப்பங்கு எதுவுமில்லை என எழுதிப் பாரிசைக் கலக்கினார். லெபோர்னின் பழுது புரோக்கா கூறியதைவிட மிக விரிந்தது என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் உண்மை இருந்தது. முடிவோ அளவு கடந்தது. பன்மொழியாளரின் பேச்சிழப்பும் இக்காலத்தில் விவாதிக்கப்பட்டது. முதலில் மீள்வது முதலிற் கற்ற மொழியே என றிபோ 1881இற் கூறியிருந்தார். நோயுற்ற காலத்தில் மிகப் பழக்கமாயிருந்த மொழியே என 1895இற் பித்ர் வாதித்தார். இரு விதிகளுக்கும் விலக்குகள் பல காணப்பட்டுள்ளன. இரு மொழிகளுக்கு மூளையில் இரு தனிவீடுகள் இல்லை என்பதையாவது அவை உணர்த்தின.

மூளைக்குத் தன்னளவில் வலியுணர்ச்சி இல்லை. ஆகவே தலைத்தோலை மட்டும் மரக்கச்செய்து, நோயாளர் விழித்திருக்கையிலேயே மூளையிற் சத்திரசிகிச்சை செய்யலாம். கனடாவில் மொன்றியல் நரம்பியல் நிலையத்தை 1934இல் நிறுவிய வைல்டர் பென்பீல்ட், வலிப்பு நோயாளரிடத்து இவ்வாறு மின்முனையால் இடங்களைத் தொட்டு, பேச்சு நின்ற இடங்களைக் குறித்துக்கொண்டார். வெட்டலாகாத இடத்தை அறிவதே அவர் நோக்கம். பேச்சு நின்ற இடங்கள் ஆளுக்காள் சிறிது வேறுபட்டன. முற்கூறிய பரிசோதனைகளினின்றும் இது வேறானது. தொடப்பட்ட நோயாளரே அதன் பயனைப் பெற்றார். எனினும் சத்திரசிகிச்சை எப்போதும் அவ்வாறு அமையவில்லை. 1953இல் அமெரிக்காவில் வலிப்பைத் தணிக்கவென இருபுறக் கடைநுதற்சோணைகளின் உட்பகுதி அகற்றப்பெற்ற ஹென்றி மொலேசன், பேச்சும் அறிவும் கெடாமலே புதிய நிகழ்வெதனையும் நினைவிற் கொள்ளும் ஆற்றலை இழந்தார். 2008இல் இறக்கும்வரை ஆய்வுலகம் அவரைப் பெயரின் முதலெழுத்துக்களாலேயே அறிந்திருந்தது.

உயிரோடிருப்பவரின் மூளையைத் திறவாது படம்பிடிக்கும் கருவிகள் 1970களில் வந்தன. தொழிற்படும் மூளையில் குருதியோட்டம் மாறுவதைக் காட்டும் காந்தப்படமுறை 1990களிற் பரவியது. இவற்றின்பின் இழப்பை மட்டுமே நம்பியிருக்கும் நிலை மாறியது. சாதாரண உரையாடலின்போது இட நுதற்சோணை, கடைநுதற்சோணை, அவற்றைத் தொடுக்கும் நார்கள், மூளி, அரைக்கோளங்களின் அடியிலுள்ள கலத்தொகுதிகள் ஆகிய அனைத்தும் பங்குகொள்வது தெரியவந்தது. மொழியின் ஏற்றவிறக்கத்தையும் உணர்ச்சியையும் உணர்வதில் வல அரைக்கோளத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பாடநூல்களில் வட்டமிட்டுக் காட்டப்படும் "புரோக்காவின் பகுதி" இத்தொடரின் ஒரு கண்ணியே. அக்கண்ணி மட்டும் பழுதுற்றவரிற் பேச்சு பெரும்பாலும் சில காலத்தில் ஓரளவு மீள்கின்றது. லெபோர்னின் நிலை அவ்வாறிருக்கவில்லை.

2007இல் நீனா டிரோங்கர்சும் பிரெஞ்சு ஆய்வாளரும், துண்டாக்கப்படாதிருந்த அவ்விரு மூளைகளையும் காந்தப்படக் கருவியுட் செலுத்தினர். 146 ஆண்டுகளின் பின் அவற்றின் உட்புறம் தென்பட்டது. லெபோர்னின் பழுது மேற்பட்டையுடன் நிற்காது, நுதற்சோணையைப் பின்னுள்ள சோணைகளுடன் தொடுக்கும் நார்க்கற்றைகள்வரை ஆழச் சென்றிருந்தது. லெலோனின் மூளையில், பிற்காலத்தார் "புரோக்காவின் பகுதி" என வரையறுத்த இடத்தின் ஒரு பாகமே கெட்டிருந்தது. அங்கும் நார்க்கற்றைகள் பழுதுற்றிருந்தன. புரோக்கா காட்டிய இடம் தவறன்று. அதற்கு அடியிற் சென்ற வழியும் அறுந்திருந்தது.

லெபோர்ன் யார் என்பது அதன்பின்னும் சில ஆண்டுகள் அறியப்படவில்லை. போலந்து ஆய்வாளர் டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளிற் றேடி, 2013இல் அவர் முழுப்பெயரை வெளியிட்டார். லூயி விக்ரர் லெபோர்ன். 1809இல் மொறே என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் பள்ளி ஆசிரியர். ஆகவே எழுத்தறிவற்ற குடும்பத்தினர் என நெடுங்காலம் நிலவிய எண்ணம் பொருந்தாது. மொறேயில் ஆற்றோரமாக ஆலைகள் பல இருந்தன. தோல் பதனிடுவதற்கென மரப்பட்டையை அரைக்கும் ஆலைகளும் அவற்றுட் சில. அவ்வாறு அரைத்த பட்டைக்குப் பிரெஞ்சு மொழியில் "தான்" என்று பெயர். இருபத்தொரு ஆண்டுகள் அவர் வாயில் எஞ்சிய ஒலி இளமையில் அறிந்த ஆலைகளின் பெயராக இருக்கலாம் என டொமான்ஸ்கி கருதுகின்றார். இது ஊகமே.